கடலோரத்தில் கார் ஷெட்: தட்டைக் கூரையில் பணத்தை எங்கே போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு கட்டுகிறீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியே 12-க்கு 20 அடியில் கார் ஷெட், மேலே தட்டையான கான்கிரீட் தளம், முன்னால் ஷட்டர். சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது, தளம் இன்னும் போடவில்லை. மேஸ்திரி ‘தட்டோடு (சுட்ட மண் தட்டை ஓடு) பதிச்சா போதும்’ என்கிறார். பெயின்ட் கடைக்காரர் பத்து வருஷம் கேரண்டி என்று ஒரு கெமிக்கலைக் காட்டுகிறார். யூடியூபில் பார்த்த வெளிநாட்டு வீடியோ உள்கூரையில் தெர்மோகோல் ஒட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் அடிக்கச் சொல்கிறது. மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, கையில் இருக்கும் பணத்தை இந்தக் கூரையில் எந்த இடத்தில் போடுவது என்பதைத்தான். நானும் அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சிவில் இன்ஜினீயர். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் வீடு கட்டிக் கொடுப்பதும், அதைவிட அதிகமாக மற்றவர்கள் கட்டியதை ரிப்பேர் பார்ப்பதும்தான் பல வருஷமாக என் பிழைப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பங்கு கான்கிரீட்டுக்கும், தண்ணீர் ஓடுவதற்கான சரிவுக்கும், அதாவது வாட்டத்துக்கும் போகட்டும். அடுத்தது, வீட்டுச் சுவரும் ஷெட் தளமும் சேரும் மூலைக்கு. அதற்கு அப்புறம்தான் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. வெப்பத்தைத் தடுக்கும் வேலை கடைசி. காரை மட்டும் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் அது தேவையே இல்லை.

மற்ற ஊர்களில் தட்டைக் கூரை மேலிருந்து கெடும். மழைத் தண்ணீர் இறங்கும், ஓதம் ஏறும், பெயின்ட் உரியும். நம் கரையில் கூரை கீழிருந்தும் கெடும், அதுவும் சொட்டு மழை பெய்யாத மாதத்தில்கூட. காற்றில் வரும் உப்பு, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே புகுந்து உள்கூரையில் படிகிறது. மேல்பக்கத்தில் படிந்ததை மழை கழுவிவிடும். உள்பக்கத்தில் படிந்ததைக் கழுவ ஆளில்லை. ராத்திரி ஈரக்காற்றை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொண்டு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கம்பியை நோக்கி மெல்ல நகரும். கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உடைத்துத்தான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

தங்கச்சிமடத்தில் ஒரு போர்ட்டிகோவைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே தட்டோடு கச்சிதமாக இருந்தது, ஒழுகல் என்ற பேச்சே இல்லை. உள்கூரையில் மட்டும் பெயின்ட் ஆறு அங்குல இடைவெளியில் வரிவரியாக உப்பி நின்றது. அந்த வரிகள் எல்லாம் கம்பி ஓடும் பாதை. சுத்தியல் காம்பால் தட்டினால் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்க வேண்டிய தளம் ‘பொத் பொத்’ என்றது. லேசாக நெம்பியதும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதன் கனம் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. பின்னால் இருந்த கம்பி அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. கம்பிக்குக் கீழே அவ்வளவு கான்கிரீட்தான் விட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் தளத்தின் மேலே வாட்டர்ப்ரூஃபிங்குக்கு நிறையவே செலவு செய்திருந்தார். அந்தச் செலவால் இதைத் தடுத்திருக்கவே முடியாது.

இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத எண்கள் இருக்கின்றன. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலில் இருக்கும் கான்கிரீட்டைக் ‘கடுமை’ என்ற வகையில் வைக்கிறது. கடல் திவலை நேராக வந்து தெறிக்கும் இடம் என்றால் ‘மிகக் கடுமை’. கடுமை வகைக்குக் குறைந்தது எம்30 கான்கிரீட் (எம்-க்குப் பின்னால் வரும் எண் கூடினால் வலு கூடும்), கம்பிக்கு 45 மி.மீ. மறைப்பு, அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள். எம்35 போட்டால் மறைப்பில் 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் வழக்கமாக நடப்பது எம்20, அதில் கம்பியைத் தூக்கிப் பிடிக்க 20 மி.மீ. கவர் பிளாக், பல இடங்களில் அதுவும் இல்லாமல் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டு. ஷெட்டின் உள்பக்கம் மூடிய இடம்தானே, ஒரு படி கீழே ‘மிதமான’ வகையும் 30 மி.மீ. மறைப்பும் போதுமே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பாதி நேரம் ஷட்டர் திறந்து கிடக்கும் ஷெட்டுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

45 மி.மீ. என்றதும் மேஸ்திரி ‘தளம் கனமாயிடுமே’ என்பார். அவர் சொல்வது சரிதான், கனமாகத்தான் ஆகும். அதனால்தான் தளத்தின் கனத்தையும் கம்பியின் அளவையும் இந்த மறைப்பை வைத்தே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கணக்குப் போட வேண்டும். பழைய டிராயிங்கை அப்படியே வைத்துக்கொண்டு கவர் பிளாக்கை மட்டும் பெரிதாக்கினால் கம்பி மேலே ஏறி, தளத்தின் வலு குறைந்துவிடும். உங்கள் தூண் இடைவெளியையும் மண்ணையும் பார்க்காமல் எத்தனை அங்குலத் தளம், எத்தனை எம்.எம். கம்பி என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இங்கே சொன்னாலும் கேட்காதீர்கள்.

சிமெண்டில் பி.பி.சி. (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) வாங்குங்கள். இரண்டுமே உப்பு ஊடுருவுவதைத் தாமதப்படுத்தும். கடலோரம் என்றாலே எஸ்.ஆர்.சி. என்கிற சல்பேட் தாங்கும் சிமெண்டைக் காட்டும் கடைகள் இருக்கின்றன. அது மண்ணில் இருக்கும் சல்பேட்டுக்கான மருந்து. உப்புக் காற்றில் வரும் குளோரைடிலிருந்து கம்பியைக் காப்பதில் அது மற்றவற்றுக்குப் பின்னால்தான்.

அப்புறம் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே தரநிலை. உங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்ததும் உப்புக் கரித்தால், அந்த அளவை அது தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் எண் தெரிந்துவிடும். நான் அடிக்கடி பார்க்கும் கூத்து என்னவென்றால், கலவைக்கு டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்குகிறவர்கள், போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்குப் போர் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். பாத்தி கட்டி இரண்டு வாரம் உப்புத் தண்ணீரை நிறுத்தினால் இளம் கான்கிரீட்டுக்குள் உப்பை நாமே இறக்குகிறோம். பி.பி.சி., ஸ்லாக் சிமெண்டுக்குக் க்யூரிங் குறைந்தது பத்து நாள், பதினான்கு நாள் என்றால் நல்லது. அத்தனை நாளும் நல்ல தண்ணீர் வேண்டும். டேங்கர் செலவு கூடும்தான். ஈரச் சாக்கு விரித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் தண்ணீர் பெருமளவு மிச்சமாகும்.

கம்பியை இறக்கி வெட்டவெளியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். கட்டி முடித்த கம்பி, தளம் வார்க்க அடிக்கும் சென்ட்ரிங் பலகை மேல் சில நாள் கிடந்தாலே அதன் மேல் உப்புப் படிந்துவிடும். கான்கிரீட் போடும் நாளுக்கு முதல் நாள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி விடுங்கள். ஏடாகக் கிளம்பும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மணலில் கடற்கரை மணல் கலந்து வரும் என்ற பயம் இருந்தால் எம்-சாண்ட் வாங்கிவிடுவது நிம்மதி. கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இல்லாமல் தளம் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அடியில் பொந்து விழுந்தால் 45 மி.மீ. மறைப்பு இருந்தும் பிரயோஜனமில்லை.

துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூச்சு அடித்த கம்பி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் உறுதியான பதில் இல்லாத பகுதி வருகிறது. எபாக்சி பூசிய கம்பியைப் பல நாடுகள் பாலங்களில் பயன்படுத்துகின்றன. பல இடங்களில் நன்றாகவே உழைத்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில், நம் பாம்பன் மாதிரியே கடலுக்கு நடுவே கட்டிய பாலங்களில், 1980-களிலேயே, கட்டிச் சில வருஷங்களுக்குள், எபாக்சிக் கம்பி துருப்பிடித்தது. வளைக்கும்போதும் இழுத்துப் போடும்போதும் பூச்சில் விழும் கீறல் வழியாக உப்பு உள்ளே போனது ஒரு முக்கியக் காரணம். நம் சைட்டில் கம்பியை எப்படி இழுத்துப் போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, இரும்புப் பகுதிகளுக்குப் பாலிசிலோக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக் காற்றில் பராமரித்த அனுபவம் ரயில்வேக்கு இருக்கிறது, செலவுக்குப் பணமும் இருக்கிறது. 240 சதுர அடி ஷெட்டுக்கு நல்ல கான்கிரீட்டும் முழு மறைப்பும்தான் காசுக்கு ஏற்ற பாதுகாப்பு என்பது என் கருத்து. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) நம் மண்டபம் ஊரிலேயே துரு ஆய்வுக்கு இடம் வைத்திருந்ததும், கம்பிக்குச் சிமெண்ட் குழம்புப் பூச்சு முறை ஒன்றை உருவாக்கியதும் நம் பக்கத்து இன்ஜினீயர்களுக்குத் தெரியும். பூச வேண்டும் என்றே நினைத்தால் அந்த வகையைப் பற்றி விசாரியுங்கள்.

வாட்டத்துக்கு வருவோம். வீட்டுத் தளம் என்றால் உள்கூரை மட்டமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம். தளத்தை மட்டமாகப் போட்டுவிட்டு, மேலே செங்கல் ஜல்லிக் கலவையால் வாட்டம் கொடுப்பதுதான் வழக்கம். கார் ஷெட்டுக்குள் போய் யாரும் அண்ணாந்து ரசமட்டம் வைத்துப் பார்க்கப்போவதில்லை. அதனால் சென்ட்ரிங் பலகையையே வாட்டமாக அடித்து, தளத்தையே சாய்வாகப் போட்டுவிடுங்கள். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம், அதாவது 80-க்கு 1. உங்கள் 12 அடி அகலத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். 100-க்கு 1 என்பது குறைந்தபட்ச வழக்கம். சென்ட்ரிங் கொஞ்சம் தாழ்ந்தாலே அது காணாமல் போய்விடும். இறக்கம் வீட்டுச் சுவரிலிருந்து விலகி வெளிப்பக்கமாகப் போக வேண்டும். இப்படிச் செய்தால் மூன்று அங்குல ஜல்லிக் கலவையே வேண்டாம். உங்கள் தளத்தில் அதன் எடை மட்டும் ஏறத்தாழ மூன்று டன், அது மிச்சம்.

தண்ணீர் வெளியேறும் குழாய் இரண்டு வையுங்கள், நான்கு அங்குலத்தில். கணக்குப்படி பார்த்தால், மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய் 40 சதுர மீட்டர் தளத்தைச் சமாளிக்கும். உங்களுடையது 22 சதுர மீட்டர்தான். ஆனால் பனை ஓலைச் சருகும் வேப்பிலையும் காக்கை தூக்கிவந்து போடும் மீன் எலும்பும் அந்தக் கணக்கில் இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு மழை உங்கள் தளத்தில் விழுந்தால் கிட்டத்தட்ட 9,000 லிட்டர். குழாய் அடைத்திருந்தால் அவ்வளவும் கைப்பிடிச் சுவருக்குள் நிற்கப் பார்க்கும். அதனால் தளத்திலிருந்து மூன்று அங்குல உயரத்தில் கைப்பிடிச் சுவரில் ஒரு ஓட்டை விட்டு வையுங்கள். அதில் தண்ணீர் கொட்டினால் குழாய் அடைத்துவிட்டது என்று கீழிருந்தே தெரிந்துகொள்ளலாம். அந்த மழைத் தண்ணீரைத் தெருவில் விடவும் வேண்டாம். போர் உப்பாக இருக்கும் ஊரில் ஐப்பசி மழை பொன். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயமும் ஆகிவிட்டது. சம்ப்புக்கு இணைக்கிறீர்கள் என்றால் மேலே தார் ஷீட் வேண்டாம், தட்டோடோ வெள்ளை டைலோ இருக்கட்டும்.

இப்போது மூலை. எனக்கு வரும் ஒழுகல் புகார்களில் பெரும்பாலானவை தளத்தின் நடுவில் கிளம்புவதில்லை, தளம் சுவரோடு சேரும் இடத்தில்தான் கிளம்புகின்றன. வாடைக்காற்று காலத்தில் மழை நேராக விழாது, வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வீட்டுச் சுவரில் அடிக்கும் சாரல் மொத்தமும் ஓடி வந்து சேருவது அந்த மூலையில். முதலில் ஒரு விஷயத்தை இன்ஜினீயரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஷெட் தளம் வீட்டோடு சேர்ந்ததா, தனியா? சேர்ந்தது என்றால் அஸ்திவாரமும் ஒன்றாக, கம்பியும் வீட்டு பீமோடு பிணைந்து இருக்க வேண்டும். தனி என்றால் முழுக்கத் தனியாக, நடுவே ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலே மூடி போட வேண்டும். பாதி வீட்டுச் சுவரில் உட்கார்ந்து, பாதி தனித் தூணில் நிற்கும் தளம் மணல் பூமியில் விரிசல் விடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு அஸ்திவாரமும் ஒரே அளவு அமர்வதில்லை.

சேர்ந்த தளம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை ஆரம்பிக்கும் முன்பே, தளத்துக்கு மேல் ஒரு அடி உயரத்தில் சுவர் நெடுக ஒரு அங்குலம் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். தளமும் சுவரும் சேரும் மூலையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கலவை வைத்துச் சாய்வாக உருட்டி விடட்டும். மூலை கூர்மையாக இருந்தால் எந்தப் பூச்சும் அங்கேதான் முதலில் கிழியும். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சைத் தளத்திலிருந்து அந்த உருட்டல் மேல் ஏற்றி, கண்ணாடி நார் வலை வைத்து, காடிக்குள் கொண்டுபோய் முடிக்க வேண்டும். பிறகு சுவர்ப் பூச்சு மேலிருந்து வந்து அந்தக் காடியை மூடி, கொஞ்சம் மூக்கு நீட்டி நிற்கட்டும். அப்போது சுவரில் ஓடும் தண்ணீர் பூச்சின் பின்னால் போகாமல் முன்னால் சொட்டும். இதை இப்போது செய்தால் அரை நாள் வேலை. பெயின்ட் அடித்த பிறகு என்றால் சுவரைக் கொத்த வேண்டும், உங்கள் வீட்டில் சண்டையும் வரும். தளம் சுவரைத் தாண்டி நீளும் இடங்களில், அடிப்பக்க விளிம்பில் அரை அங்குலக் காடி ஒன்று விட்டால் தண்ணீர் திரும்பி உள்கூரைக்கு ஓடாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பியைத் தளத்துக்கு மேலே இரண்டு அடி நீட்டி விடும் பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கடலோரத்தில் அந்தக் கம்பி சில வருஷத்தில் செல்லரித்த மாதிரி ஆகிவிடும், துரு கம்பி வழியாகவே தளத்துக்குள்ளும் இறங்கும். மாடி நிச்சயம் இல்லை என்றால் கம்பியை விடவே வேண்டாம். நிச்சயம் என்றால் கம்பிக்குச் சிமெண்ட் குழம்பு பூசி, சுற்றிலும் வலு குறைந்த கான்கிரீட்டால் குட்டித் தூண் மாதிரி மூடிவிடுங்கள். மாடி எடுக்கும் அன்றைக்கு உடைத்துக்கொள்ளலாம். பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைப்பது பாதுகாப்பு ஆகாது.

மேஸ்திரி சொல்லும் தட்டோட்டைப் பற்றி. அவர் சொல்வதில் பாதி உண்மை. செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய பழைய தளங்கள் இன்றும் ஒழுகாமல் நிற்பதைக் கீழக்கரைப் பழைய வீடுகளில் பார்க்கலாம். பொதுப்பணித் துறையின் விகிதம்கூட 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரை பங்கு சுண்ணாம்பு. இப்போது அதே பெயரில் நடப்பது, ஜல்லியோடு சிமெண்டைக் கலந்து கொட்டி, தட்டாமல் பரப்பி, மேலே ஓட்டைப் பதிப்பது. ஓட்டின் இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்ததும் தண்ணீர் ஜல்லிக்குள் போய்த் தங்கும். மழை நின்று வெயில் வந்த பிறகு கீழே சொட்டும், எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் வாட்டமாகப் போட்ட தளத்தில் நேரடியாகப் பூச்சும், அதைக் காக்க மேலே ஓடும் போதும்.

கெமிக்கல் கடைக்காரருக்கும் இதே கதைதான். இரண்டு பொருள் கலந்து அடிக்கும் சிமெண்ட்-பாலிமர் பூச்சு, பாலியூரிதேன் பூச்சு, தார் ஷீட் என்று பலவகை உண்டு. சரியாக அடித்தால் எதுவும் மோசமில்லை. ஓடு மூடப்போகும் தளத்துக்கு முதல் வகையே போதும் என்பேன், செலவும் குறைவு. அக்ரிலிக் கூரைப் பெயின்டை வாட்டர்ப்ரூஃபிங் என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஓடும் இடத்தில் அது உழைக்கும், தேங்கும் இடத்தில் ஊறி உரியும். பத்து வருஷக் கேரண்டியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல கேரண்டித் தாள்களைப் படித்தால் பொருளை மட்டும் திரும்பத் தருவதாக இருக்கும், கொத்தி எடுக்கும் கூலி நம் தலையில்தான். எந்தப் பூச்சானாலும் க்யூரிங் முடிந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். பங்குனி, சித்திரை தோது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி ஈரப் பூச்சில் ஒட்டிவிடும். அந்த மாதங்களில்தான் அடிக்க முடியும் என்றால் காற்று கிளம்பும் முன், விடியற்காலையில் முடித்துவிடுங்கள். அடித்துக் காய்ந்ததும் குழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மூன்று நாள் விட்டு, உள்கூரையைப் பாருங்கள். ஓடு பதித்த பிறகு இந்தச் சோதனையைச் செய்து பிரயோஜனமில்லை.

சரி, வெப்பம். நீங்கள் பார்த்த வீடியோ பனி பெய்யும் நாட்டுக்கானது. அங்கே வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிர். உள் ஈரம் குளிர்ந்த கூரையைத் தொட்டுத் தண்ணீராகாமல் இருக்க உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் அடிக்கிறார்கள். நமக்கு எல்லாம் தலைகீழ். சூடும் ஈரமும் வெளியே இருக்கிறது, காரணம் மேலே நிற்கும் வெயில். தடுப்பு உள்ளே இருந்தால் கான்கிரீட் தளம் தினமும் வெயிலில் விரிந்து ராத்திரி சுருங்கும். அந்த அசைவுதான் விரிசலுக்கு ஒரு காரணம். தடுப்பு மேலே இருந்தால் தளமும் நிழலில் இருக்கும். இன்னும் முக்கியமாக, உள்கூரையைத் தெர்மோகோலால் மூடிவிட்டால், நான் சொன்ன அந்த உப்பிய வரிகள் உங்கள் கண்ணில் படாது. பெட்ரோல் வண்டியோ சார்ஜ் ஏறும் மின்வண்டியோ நிற்கும் அறையில், தலைக்கு மேல் சட்டென்று தீப்பிடிக்கும் பொருளை ஒட்டுவதும் புத்திசாலித்தனம் இல்லை.

காருக்கு மட்டும் என்றால் தடுப்புப் பலகைக்குச் செலவு செய்யாதீர்கள். மேலே வெள்ளை டைல், அல்லது வருஷம் ஒருமுறை தை மாதம் வாக்கில் சுண்ணாம்பு அடித்தாலே தளத்தின் சூடு நன்றாகக் குறையும். மேலே அறை எடுக்கும் எண்ணம் இருந்தாலும் வேண்டாம், அறை வந்ததும் அந்தச் செலவுக்கு அர்த்தம் போய்விடும். ஷெட்டுக்குள் இன்வெர்ட்டர் பேட்டரி வைக்கிறீர்கள், அல்லது யாராவது பகலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்றால் கதை வேறு; சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுள் குறையும். வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதிமுறையான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரை வழியே வெப்பம் கடத்தும் அளவு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது; அளவீடு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட். வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்கு அது 3-க்கு மேல். மூன்று அங்குல ஜல்லிக் கலவை சேர்த்தாலும் இரண்டரை பக்கம்தான் வரும். தட்டோடு போட்டால் குளுகுளு என்பது அதனால்தான் முழு உண்மை இல்லை. எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டியான நுரைப் பலகையை 25 மி.மீ. கனத்தில் போட்டால் 1-க்குக் கீழே இறங்கும். 50 மி.மீ. என்றால் அரைக்குப் பக்கத்தில். ஷெட்டுக்கு 25 தாராளம்.

வரிசை கீழிருந்து மேலாக: தளம், வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, தண்ணீர் கட்டிச் சோதனை, எக்ஸ்.பி.எஸ். பலகை, அதன் மேல் இரண்டு அங்குலக் கலவை, ஓடு. சாதாரணத் தெர்மோகோல் தண்ணீரை உறிஞ்சும், அதை இந்த இடத்தில் போடாதீர்கள். எக்ஸ்.பி.எஸ். உறிஞ்சாது, ஆனால் மிதக்கும். மேல் கலவை போடுவதற்குள் ஒரு மழை பெய்தால் பலகைகள் தெப்பமாகக் கிளம்பிவிடும், ஒரே நாளில் மூடிவிடும்படி ஆள் வையுங்கள். மேல் கலவைக்குள் கோழிவலை வைப்பது வழக்கம். நம் கரையில் அது துருப்பிடித்து ஓட்டைத் தூக்கும். கண்ணாடி நார் வலை கேட்டு வாங்குங்கள்.

சுமார் அரை கிலோமீட்டர் என்கிறீர்களே, அதையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு அனுமதி வாங்கும்போதே இது கேட்கப்பட்டிருக்கும்; ஷெட் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, ஷெட்டைக் காற்றுப் புகாமல் மூடிவிடாதீர்கள். மழையில் நனைந்து வந்த வண்டி மூடிய அறைக்குள் நின்றால் வெளியே நிற்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். தரையை ஒட்டி ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக எதிரெதிர்ச் சுவர்களில் காற்றோட்ட ஜாலி வையுங்கள். கச்சான் காற்று நேராக அடிக்கும் தென்மேற்குச் சுவரைத் தவிர்த்தால் உப்பும் மணலும் கம்மியாக வரும். ஷட்டர் சாதாரண இரும்பு வேண்டாம், அலுமினியமோ நல்ல கனமான கால்வனைஸ்டு தகடோ பாருங்கள். தகட்டைப் பார்த்து வாங்குகிறவர்கள் பக்கத்துச் சட்டம், ஸ்பிரிங் பெட்டி, போல்ட் இதையெல்லாம் பார்ப்பதில்லை; முதலில் துருப்பிடித்து இறுகுவது அவைதான். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ், அதிலும் 316 ரகம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.